சம்பந்தி தோளில் என் கால்

சம்பந்தி எதிரில் கால் நீட்டி உட்காரக் கூடாது. எங்கள் பக்கத்தில் இதை யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, தானாக வந்துவிடும். அதிலும் நான் பெண்ணைக் கொடுத்தவள். மாப்பிள்ளையின் தாய் வந்தால் எழுந்து நிற்க வேண்டும். தெரியாமல் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அப்பேர்ப்பட்ட சம்பந்தியின் தோளில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கம்பம் மெட்டிலிருந்து அடிவாரம் வரை இறங்கி வந்தவள் நான். சொன்னால் எங்கள் தெருவில் பாதிப் பேர் இன்னும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும், எனக்கென்ன. கால் இருக்கிறது, நானும் இருக்கிறேன்.

முதலில் அந்தக் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சின்னமனூர்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டங்களில், பந்தலுக்கு அடியில் நின்றே என் வயசெல்லாம் போனது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அது நிழல் வேலை. தலைக்கு மேலே கொத்துக் கொத்தாகக் காய் தொங்கும். அண்ணாந்து பார்த்தபடி, நெருக்கமாக இருக்கிற பிஞ்சுகளைக் கத்தரிக்கோலால் கழித்துவிட வேண்டும். கழுத்து பிடித்துக்கொள்ளும், கை மரத்துப்போகும். கழுத்தையும் கையையும் பற்றி நாங்கள் புலம்பாத நாள் கிடையாது. நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்த காலைப் பற்றி ஒருத்தியும் வாய் திறந்ததில்லை.

இரண்டாவது பிள்ளை வயிற்றில் இருக்கும்போது முழங்காலுக்குப் பின்னால் ஒரு பச்சைக் கோடு தெரிந்தது. மூன்றாவது பிறந்தபோது அது கெண்டைக்காலுக்கு இறங்கி, முறுக்கிய கயிறு மாதிரி புடைத்துக்கொண்டது. சாயங்காலமானால் கால் கனக்கும். கணுக்கால் வீங்கி, செருப்பு வார் அழுத்திய தடம் அப்படியே நிற்கும். விடிகிற நேரத்தில் கெண்டைச் சதை பிடித்துக்கொண்டு உயிர் போகும். பிறகு அரிப்பு. அப்பாடி, அந்த அரிப்பு எதிரிக்குக்கூட வரக் கூடாது. கணுக்காலுக்கு மேலே உள்பக்கத்துத் தோல் காபி டிக்காஷன் நிறத்துக்குப் போனது. சொறிந்து சொறிந்து அந்த இடத்தில் ஒரு புண்ணும் வந்தது. ஆறுகிற மாதிரி ஆறும், மறுபடி கசியும்.

எங்கள் ஊரில் இதற்கு நரம்பு சுருட்டு என்று பெயர். என் அம்மாவுக்கு இரண்டு காலிலும் இருந்தது. எனக்கு வந்தபோது ஒருவர் சூடு என்றார், இன்னொருவர் வாயு என்றார். நல்லெண்ணெய் போட்டு நீவச் சொன்னார்கள். நானும் பரோட்டா மாவு பிசைகிற மாதிரி நீவு நீவு என்று நீவினேன். சுருட்டு நிமிரவில்லை, என் கைதான் வலித்தது.

திராட்சை வேலையை விட்டு ஏலத்தோட்ட வேலைக்கு மாறினேன். விடிவதற்கு முன்பே ஜீப் வந்துவிடும். கம்பம் வழியாக மலை ஏறி, கேரள எல்லையைத் தாண்டி, ஏலச்செடியின் தூரில் குனிந்து குனிந்து காய் எடுத்து, சாயங்காலம் அதே ஜீப்பில் இறங்குவோம். அந்த ஜீப்பில்தான் அவளை எனக்குத் தெரியும். அப்போது அவள் சம்பந்தி இல்லை, வெறும் ‘ஏ புள்ள’தான். கதவோர இடத்துக்காக நானும் அவளும் போடாத சண்டை இல்லை. அவள் கொண்டுவரும் கருவாட்டுக் குழம்பில் பாதி எனக்கு, என் துவையலில் பாதி அவளுக்கு. ஒரு நாள் அவள் மகன் பேச்சு வந்தது, கூடவே என் மகள் பேச்சும் வந்தது. மலை இறங்குவதற்குள் நாங்கள் இருவரும் சம்பந்தம் பேசி முடித்துவிட்டோம். வீட்டு ஆம்பிளைகளுக்கு அப்புறம்தான் தெரியும்.

கல்யாணம் முடிந்ததும் எல்லாம் மாறிப்போனது. அவர் எனக்கு மதினி, நான் அவருக்கு மதினி. ‘வாங்க’, ‘இருங்க’ எல்லாம் வந்துவிட்டது. கதவோர இடத்தை நானே எழுந்து விட்டுக்கொடுத்தேன். அவரும் கூச்சத்தோடு உட்கார்ந்துகொண்டார். கருவாட்டுக் குழம்பைக்கூட ‘கொஞ்சம் ஊத்திக்கங்க மதினி’ என்று உபசாரம் செய்து ஊற்றினார். அந்தக் குழம்பில் பழைய ருசி இல்லை என்றுதான் சொல்லுவேன்.

காலை மட்டும் அவர் கண்ணில் படாமல் மறைத்து வைத்தேன். அம்மாவுக்கு இருந்தது, எனக்கும் வந்துவிட்டது, அடுத்து என் மகளுக்கு வரும் என்று மாப்பிள்ளை வீட்டில் ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் என்ன செய்வது? மகள் அப்போது உண்டாகியிருந்தாள். தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். பிறக்கிற பிள்ளையைக் குளிப்பாட்டுவது என் பொறுப்பு. இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே குழந்தையைக் கிடத்தி, எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்ற வேண்டும். என் மூன்று பிள்ளைகளையும் என் அம்மா அவளுடைய சுருட்டுக் காலில் போட்டுத்தான் குளிப்பாட்டினாள். எனக்கும் அந்த ஒரே ஆசைதான். புண்ணோடு இருந்த என் காலைப் பார்க்கும்போதெல்லாம், இதில் பச்சைப் பிள்ளையைப் போட முடியுமா என்றுதான் பயமாக இருந்தது.

மழைக்காலத்தில் ஏலத்தோட்டத்தில் அட்டைக்குப் பஞ்சமே இல்லை. உப்பும் புகையிலையும் காலில் தேய்த்துக்கொண்டு, பூட்ஸ் மாட்டிக்கொண்டுதான் இறங்குவோம். அப்படியும் எப்படியாவது ஏறிவிடும். அட்டை கடித்தால் வலி தெரியாது. அது விழுந்த பிறகும் ரத்தம் வெகுநேரம் கசிந்துகொண்டே இருக்கும். புகையிலையை வைத்துத் துணியைச் சுற்றிவிட்டு வேலையைப் பார்ப்போம். ரத்தத்தைக் கண்டு எங்களில் யாரும் பதறுவதில்லை. அதுவே அன்று வினையாகப் போனது.

மத்தியானச் சாப்பாடு முடிந்து மறுபடி இறங்கிய கொஞ்ச நேரத்தில் வலது பூட்ஸுக்குள் வெதுவெதுப்பாக இருந்தது. மழைத்தண்ணீர் உள்ளே போய்விட்டது என்று நினைத்தேன். மலையில் பெய்கிற மழை எங்கே வெதுவெதுப்பாக இருக்கும்? அந்த யோசனை வரவில்லை பாருங்கள். நடந்தால் சளக் சளக் என்றது. உட்கார்ந்து, கழற்றிக் கவிழ்த்தேன். சிவப்பாக ஊற்றியது.

“பெரிய அட்டையா இருக்கும்டி” என்றாள் ஒருத்தி. மதினி தன் இடுப்புப் பையிலிருந்து புகையிலையை எடுத்து, சுண்ணாம்பும் சேர்த்துக் கசக்கி, புண் இருந்த இடத்தில் அப்பி, தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துச் சுற்றினார். அந்தப் புண்ணையும் சுருட்டையும் அவர் அப்போதுதான் பார்த்தார். முடிச்சை இன்னும் இறுக்கினார். துண்டு நனைந்துகொண்டே வந்தது. மரத்தூரில் உட்கார்ந்திருந்த எனக்குக் கண் இருட்டியது. அப்படியே பின்னால் சரிந்தேன். சரிவான இடம், தலை பள்ளத்திலும் கால் மேட்டிலுமாகக் கிடந்தேன்.

ரத்தம் நின்றது. “பாத்தியா, புகையிலை கேட்டுருச்சு” என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள். தோட்டத்து சூப்பர்வைசர் ஓடி வந்து, “எந்து பற்றி சேச்சி?” என்று, என்ன ஆச்சு என்பதை மலையாளத்தில் கேட்டுவிட்டு ஜீப்பைக் கூப்பிட்டார். ஜீப் ஓட்டுகிறவர் கம்பத்துக்காரர். நாங்கள் பாய் என்றுதான் கூப்பிடுவோம். என்னைத் தூக்கி ஜீப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மதினி மட்டும் கூட ஏறினார். மற்றவர்கள், “நீங்க போங்க, பாய் திரும்பி வாரவரைக்கும் நாங்க கெடக்கோம்” என்று மழையில் நின்றார்கள். அவர்களையும் நான் மறக்க மாட்டேன்.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம்கூடப் போகவில்லை, மறுபடி ரத்தம். இந்த முறை ஜீப்பின் தரையெல்லாம் வழிந்தது. மதினி என் காலையே வெறித்துப் பார்த்தார்.

“அங்கன படுத்திருக்கையில நின்னுச்சுல்ல? இங்கன உக்காந்ததும் ஏன் ஓடுது?”

அவ்வளவுதான் அவர் கேட்டது. பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. என்னை இழுத்து இரண்டு பெஞ்சுக்கும் நடுவில் சாக்கின்மேல் படுக்க வைத்தார். அவரும் கீழே உட்கார்ந்து, என் குதிகாலைத் தூக்கித் தன் தோளில் வைத்து, துண்டுக்கு மேலே இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். ரத்தம் நின்றது.

எனக்கு அரை மயக்கம் தெளிந்து பார்த்தால், சேறும் ரத்தமுமாக என் பாதம் சம்பந்தியின் காதோரம் இருக்கிறது. செத்துப்போகலாம் போல் இருந்தது. உண்மையிலேயே செத்துக்கொண்டிருந்தேன் என்பது வேறு விஷயம்.

“ஐயையோ மதினி, காலு ஒங்க மேல…”

“இருக்கட்டும், பேசாமக் கெடங்க.”

எப்படிக் கிடப்பது? வளைவில் ஜீப் திரும்பியபோது காலை மெல்ல உருவிக் கீழே வைத்தேன். குபுக்கென்று வந்தது. அவர் மறுபடி தூக்கி வைத்தார். நான் மறுபடி இறக்கினேன். புத்தி சொல்கிறது வைத்திரு என்று, கால் கேட்க மாட்டேன் என்கிறது. பிறந்ததிலிருந்து பழகிய பழக்கம், ரத்தம் போகிறது என்பதற்காக விட்டுவிடுமா? அப்போதுதான் மதினிக்கு மரியாதையெல்லாம் பறந்தது.

“ஏ புள்ள! இன்னொருக்கா காலை எறக்குன, இந்த மலையிலயே ஒன்னைய உருட்டி விட்டுட்டுப் போயிருவேன். நீ போயிட்டா ஒம் மகளுக்கு யாருடி பிள்ளை குளிப்பாட்டுவா? நானா?”

பாய் கண்ணாடியில் பார்த்து, “அக்காமாரே, சண்டைய ஆஸ்பத்திரில போயி வச்சுக்கங்க. எதுக்க வர்ற ஹார்னே எனக்குக் கேக்கலை” என்றார். அழுகையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனையோ நாள் கழித்து ‘ஏ புள்ள’ என்று கூப்பிட்டிருக்கிறாள் என் பழைய கூட்டாளி. அதன் பிறகு நான் காலை இறக்கவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பிடித்துக்கொள்ள அவருக்குக் கை இல்லை. இரண்டு கையும் என் காலில் இருந்தன. ஜீப் கம்பியில் நெற்றி இடித்துக்கொண்டே வந்தது.

கம்பத்து ஆஸ்பத்திரியில் இறங்கியதும், நெற்றி புடைத்து, சேலைக்கு மேல் போட்டிருந்த வேலைச் சட்டையெல்லாம் ரத்தமாக நின்ற மதினியைத்தான் முதலில் ஸ்ட்ரெச்சரில் படுக்கச் சொன்னார்கள். “நான் இல்ல, இந்தா இவுக” என்று அவர் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. புகையிலையைக் கழுவி, தையல் போட்டு, இறுக்கிக் கட்டுப்போட்டு, கட்டிலின் கால்பக்கத்தை உயர்த்தி வைத்தார்கள். அங்கிருந்த டாக்டர், “அட்டை இல்லம்மா, புடைச்ச ரத்தக்குழாய் வெடிச்சிருக்கு. படுக்க வச்சு, காலைத் தூக்கி, அழுத்திப் பிடிச்சது யாரு? அதுதான் காப்பாத்தியிருக்கு. இப்படியானா அதைத்தான் செய்யணும். புகையிலை, சுண்ணாம்பு மட்டும் இனிமே வேண்டாம்” என்றார்.

“அதை அப்புனதும் நான்தேன்” என்றார் மதினி.

சில நாள் கழித்துத் தேனியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். என் வீட்டுக்காரருக்கு ஆஸ்பத்திரி வாசனையே ஆகாது, வெளியில் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டார். மதினிதான் உள்ளே வந்தார். அங்கே ஒரு லேடி டாக்டர் என்னை நிற்க வைத்து, காலில் குழம்பு மாதிரி ஒரு ஜெல்லைத் தடவி, டாப்ளர் ஸ்கேன் எடுத்தார். கெண்டைக்காலை அமுக்கி விடும்போது மிஷினில் புஸ்ஸென்று காற்று போகிற மாதிரி சத்தம் கேட்டது. மேலே போன ரத்தம் திரும்பி விழுகிற சத்தமாம் அது.

“கீழ வர்ற ரத்தம் மறுபடி மேல ஏறணும்லம்மா? நடக்கும்போது கெண்டைச் சதை அதை அமுக்கி மேல தள்ளும். திரும்பி விழாம இருக்கக் குழாய்க்குள்ள சின்னச் சின்னக் கதவு இருக்கு. உங்களுக்கு அந்தக் கதவு சரியா மூடல.”

வாய்க்கால் மடையில் பலகை இற்றுப்போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அடைத்த தண்ணீரெல்லாம் கீழ் வயலில் போய்த் தேங்கி வரப்பை அரித்துவிடும். என் காலிலும் அதுதான் நடந்திருக்கிறது. ரத்தம் தேங்கிக் குழாய் புடைத்தது, தோல் கறுத்தது, அரித்தது, புண் வந்தது, கடைசியில் பூட்ஸ் விளிம்பு உரசி உரசி அந்த மெல்லிய இடம் வெடித்துவிட்டது. நின்ற இடத்திலேயே நிற்கிற வேலை, மூன்று பிரசவம், ஏறிய எடை எல்லாம் சேர்ந்து வந்த வினை என்றார் டாக்டர். “எண்ணெய் போட்டு நீவுனீங்களா?” என்று கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்த்தே பதிலைத் தெரிந்துகொண்டு, காலை இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ் ஒரு சோடி சீட்டில் எழுதினார்.

பிறகு, எதற்குப் பயந்தேனோ அதுவும் வந்தது. “உங்க அம்மாவுக்கு இருந்துச்சா?” என்று கேட்டார். சம்பந்தி பக்கத்தில் நிற்கிறார். பொய் சொல்ல வாய் வரவில்லை. “இருந்துச்சு டாக்டர்” என்றேன்.

“வம்சத்துல வரும். மகள் இருந்தா அவங்களுக்கும் வர வாய்ப்பு கூடுதல். உண்டாகியிருக்கும்போது இன்னும் கொஞ்சம் கூடும்.”

நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். போச்சு, எல்லாம் போச்சு என்று மனசு அடித்துக்கொண்டது. மதினி தொண்டையைச் செருமினார்.

“அப்ப எம் மருமகளுக்கும் இப்பவே ஒரு சோடி சாக்ஸ் எழுதிக் குடுத்துருங்க டாக்டர்.”

டாக்டர் சிரித்துவிட்டார். முதலில் கூட்டிக்கொண்டு வாருங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். நான் அங்கேயே, அந்த ஜெல் வழியும் காலோடு, அழுதேன். வலியிலும் அழாதவள், மலையிலும் அரைகுறையாக அழுதவள், அங்கே நின்று நன்றாக அழுதேன். “ஏன் மதினி அழுகுறீக, ஊசி போட்டாகளா?” என்று கேட்கிறார், ஒன்றும் தெரியாதவர் மாதிரி.

லேசர் வைத்தார்கள். முழங்கால் பக்கத்தில் ஊசித் துளை போட்டு, மயிர்போல ஒரு கம்பியை உள்ளே விட்டு, கெட்டுப்போன குழாயைச் சூட்டால் மூடிவிட்டார்கள். “குழாயை அடைச்சா ரத்தம் எது வழியாப் போகும்?” என்று கேட்டேன். “கெட்ட ரோட்டை மூடினா வண்டி நல்ல ரோட்டுல போகும்மா” என்றார் டாக்டர். மரத்துப்போகப் போட்ட ஊசிகள்தான் சுருக் சுருக்கென்றன, மற்றபடி ஒன்றும் தெரியவில்லை. அன்றைக்கே எழுந்து நடக்கச் சொன்னார்கள். பிறகு, சின்னக் கிளைக் குழாய்களுக்கு ஊசி மருந்து போட்டார்கள். புண் ஆறுகிற வரைக்கும் கட்டு நனையக் கூடாது, ஒரே இடத்தில் நிற்கக் கூடாது, குத்தவைத்து உட்காரக் கூடாது, உட்கார்ந்தால் காலைத் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும். கட்டுக்கு மேல் இறுக்கமான சாக்ஸ் வேறு.

அந்த சாக்ஸ் இருக்கிறதே, அதை மாட்டுவதற்குத் தனியாகப் பலம் வேண்டும். காலையில் கட்டிலை விட்டு இறங்குவதற்கு முன்னால், கால் வீங்குவதற்குள் போட்டுவிட வேண்டும். என் வீட்டுக்காரர்தான் மாட்டிவிடுவார். முதல் நாள் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார், பெண்டாட்டி காலைப் பிடிப்பதை யாரும் பார்த்துவிடக் கூடாதாம். பாதத்தில் ஒரு கேரி பேக்கைச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு ஏறும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். இழுத்து, வேர்த்து, மூச்சு வாங்கி, “ஜல்லிக்கட்டு மாட்டைப் பிடிச்சிருக்கலாம்” என்பார். இப்போதெல்லாம் கதவைச் சாத்துவதில்லை.

மகளையும் டாக்டரிடம் காட்டினோம். லேசாகத்தான் இருக்கிறது, நடக்கட்டும், படுக்கும்போது காலுக்குத் தலையணை வைக்கட்டும் என்றார். அவளுக்கும் ஒரு சோடி சாக்ஸ் வாங்கிவிட்டுத்தான் மதினி ஓய்ந்தார்.

பெண் குழந்தை பிறந்தது. தொப்புள்கொடி விழுந்தாயிற்று, குளிப்பாட்ட வேண்டும். என் காலிலோ இன்னும் கட்டு. தண்ணீர் படக் கூடாது. அந்தக் காலைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஆத்திரம்தான் வந்தது. பக்கத்து வீட்டில் யாரையாவது கூப்பிடலாம் என்று மகள் சொன்னாள். நான் பிடிகொடுக்கவில்லை. மறுநாள் காலையில் ஒரு பையோடு மதினி வந்து நின்றார். ஏலத்தோட்டத்துக்குப் போகிற ஜீப்பை விட்டுவிட்டு வந்திருக்கிறார். மாப்பிள்ளையின் தாய், பெண் வீட்டில் வந்து தங்குவதாவது! தெருவில் வாய் சும்மா இருக்குமா? “ஏன், இவுக வீட்டுல ஆளு இல்லையா?” என்று ஒருத்தி கேட்டே விட்டாள். “இருக்காக. காலுக்கு லீவு விட்டுருக்கோம்” என்று மதினி வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

கொல்லைப்புறத்தில் பலகையைப் போட்டு, சேலையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, இரண்டு காலையும் நீட்டி உட்கார்ந்தார். குழந்தையை வாங்கிக் காலில் கிடத்தினார். மலை ஏறி ஏறி இறுகிப்போன கால், அதில் அந்தப் பஞ்சு உடம்பு. நான் வாசற்படிக்குப் பக்கத்தில் கட்டிலில், தலையணை அடுக்கி அதன்மேல் காலைத் தூக்கி வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். செய்ய வேண்டியவள் நான், செய்வது அவர். என் கண் நிறைந்துவிட்டது. வருத்தமாகவும் இருந்தது, அதைவிட அதிகமாக நன்றியாக இருந்தது. கும்பிட வேண்டும் போல் இருந்தது.

அப்போதுதான் கவனித்தேன். தலையணை மேல் இருந்த என் பாதம் நேராக அவர் முகத்தைப் பார்த்து நீண்டிருந்தது. பதறிப்போய் மெல்லக் காலை இழுத்துக் கீழே வைக்கப் போனேன். மதினி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெந்நீரை அள்ளி ஊற்றிக்கொண்டே சொன்னார்.

“காலை எறக்காதீக மதினி.”

குழந்தை வீலென்று கத்தி முடித்து அடங்கியது. துண்டில் சுற்றி, சாம்பிராணிப் புகை காட்டி, தலையைத் தாங்கித் தன் முகத்துக்கு நேராகத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் துண்டு விலகி, பிள்ளை உதைத்த ஒரு பாதம் அவர் தோளில் போய் ஊன்றியது. அதே தோள். மதினி அந்தச் சின்னப் பாதத்தைத் தோளில் இன்னும் நன்றாகப் பதிய வைத்துக்கொண்டு, எனக்குக் கேட்கும்படியாகச் சத்தமாகச் சொன்னார்:

“மிதி ஆத்தா, நல்லா மிதி. ஒன் அம்மாச்சி மிதிச்ச தோளுதான் இது.”

நான் காலை இறக்கவில்லை.